பிரியாணிக்குப் பின்னால்

புத்தகத்துக்காகப் போகவில்லை,
குளிருக்காகப் போனோம்.
ஜூலை மாதத்து ஷார்ஜாவில்
மூன்று குடும்பம் பங்கிட்ட ஃபிளாட்டில்
பகலில் ஏசி போடக் கூடாதென்பது
கதவில் ஒட்டியிருக்கும் சட்டம்.
அஸ்ஃபருக்குப் பள்ளி விடுமுறை.
எனக்கு எதிலிருந்தும் விடுமுறை இல்லை.

ரோலாவிலிருந்து இரண்டு சிக்னல்.
நிழல் பார்த்து நிழல் பார்த்து நடந்தால்
பதினாறு நிமிடம்.
நூலகத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
"உம்மா, அதுக்கு நம்மளத் தெரியுது!"

முதல் வாரம் தண்ணீர் குடித்தான்.
காகிதக் கோப்பைகளை
ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.
மீன்தொட்டி முன்னால் நின்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
படி படி என்று கேட்டுக் கேட்டே
பிளஸ் டூவோடு நின்றவள் நான்.

பிறகு ஒருநாள்
அட்டையில் ஆக்டோபஸ் போட்ட தடித்த புத்தகம்.
ஆங்கிலம். பாதிதான் புரியும்.
அதற்கு மூன்று இதயமாம்.
"மூணு இருந்தா ஒண்ணு வலிச்சாப் பரவால்லல்ல?"
இந்த மாதமும் சம்பளம் இல்லையென்று
அவன் வாப்பா சொன்ன வாரம் அது.

வீட்டுக்கு எடுத்துப்போக அட்டை வேண்டும்,
அட்டைக்கு ஐடி வேண்டும்,
ஐடிக்கு விசா வேண்டும்,
விசாவோ
எந்த மேசையிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது.
கவுன்டரில் இருந்த சூடான்காரி இக்லாஸ்
"மாஃபி முஷ்கிலா, இங்கேயே படி" என்றாள்.
அவன் நம்பவில்லை.
நாளைக்கு வேறொருவன் தூக்கிப் போய்விட்டால்?
யாரும் தொடாத சமையல் வரிசையில்
பிரியாணிப் புத்தகத்துக்குப் பின்னால்
ஆக்டோபஸை ஒளித்துவைத்தான்.
அடையாளத்துக்கு
சுரண்டி முடித்த ரீசார்ஜ் கார்டு.

மறுநாள் அங்கேயே இருந்தது.
உள்ளே இன்னோர் அடையாளம்:
லபன் பாட்டிலின் நீல லேபிள்
நீளவாக்கில் மடித்தது.
இவன் பக்கம் பன்னிரண்டு.
லேபிள் பதினேழு.

அவ்வளவுதான்.
கோப்பை போயிற்று, மீன் போயிற்று.
இருபது. இருபத்தாறு.
அடைத்திருந்த வெள்ளிக்கிழமை முழுக்க
"அவன் எங்க இருப்பான் உம்மா?"
அறுபத்திரண்டில் முந்தினான்.
அன்று ராத்திரி இரண்டு குப்ஸ் கூடுதலாகத் தின்றான்.

சில சொற்களின் அடியில்
லேசாகப் பென்சில் புள்ளிகள்.
இவனுக்குத் தெரிந்த சொற்கள்.
"இதுகூடத் தெரியல பாரேன்"
என்று சிரித்தவன்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.
பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில்
நங்கூரம் வரைந்து
அந்தப் பக்கத்தில் செருகினான்.
அடுத்த நாள் கலங்கரை விளக்கம்.
அதற்கடுத்த நாள்
எதுவென்று எனக்கே விளங்காத ஒரு சிப்பி.

லுஹருக்கு இடம் தேடிப் போன மதியம்
பார்த்தேன்.
சுவரில் சாய்த்த துடைப்பம்,
சட்டையில் தில்பகதூர் என்று பெயர்.
ஒரு முழங்கால் தரையில்,
உதடுகள் எழுத்தெழுத்தாய் அசைய,
இடது கையில் என் மகனின் நங்கூரம்.
நிமிர்ந்தார்.
திருடும்போது மாட்டிக்கொண்ட முகம்.
நான் கைக்குக் கிடைத்த புத்தகத்தை எடுத்து
மும்முரமாகப் புரட்டினேன்.
ஏதோ கேக்.
தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று
பிறகுதான் தெரிந்தது.

மகனிடம் சொல்லவில்லை.
எதிராளி ஆறாம் வகுப்பு,
கண்ணாடி போட்டிருப்பான்
என்பது அவன் கணக்கு.
இருக்கட்டும்.

செப்டம்பரில் விசா விழித்தது.
இக்லாஸ் அட்டையை நீட்டினாள்,
இன்னும் சூடாக இருந்தது.
ஓடிப்போய் ஆக்டோபஸை எடுத்தான்.
இவன் எப்போதோ முடித்திருந்தான்.
லேபிள் நூற்று முப்பத்தொன்றில்.
அட்டையைப் பார்த்தான், லேபிளைப் பார்த்தான்,
பிரியாணிக்குப் பின்னால்
திரும்ப வைத்தான்.

எடுத்து வந்தது எரிமலை.
இரண்டாவது சிக்னலில்
நான் நிழலில் நிற்கிறேன்,
அவன் வெயிலில்.
அங்கேதான் எழுத்து
நன்றாகத் தெரிகிறதாம்.